மாமாவின் கூத்து ஒலிப்பதிவுகள்: குழம்பிப்போன கோப்புப் பெயர்களை மீட்க வழி உண்டா?

வாவிக்கரை (ஆரையம்பதி):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமா பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களுக்கெல்லாம் போய், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைப் பாடவைத்துப் பதிந்தார். முதலில் கசட்டில் பதிந்தார், பிறகு அதையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றினார். பழைய கூத்துக் கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தும் வைத்தார். மாமா இப்போது இல்லை. அவர் பதிந்த அண்ணாவிமாரிலும் பலர் இல்லை.

அவருடைய ஹார்ட் டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியதும் டவுனில் ஒரு திருத்தும் கடையில் கொடுத்தோம். கோப்புகள் கிட்டத்தட்ட எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஒலி கேட்கிறது, படம் தெரிகிறது. பெயர்கள்தான் போய்விட்டன. மாமா ஒவ்வொரு கோப்புக்கும் ஊர், கூத்தின் இரண்டு பாணிகளில் எது (வடமோடியா தென்மோடியா), பாடியவர், வருடம் என்று தமிழிலேயே பெயர் வைப்பார். அந்த இடத்தில் இப்போது ஒரு கூட்டம் கோப்புகளில் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, அதே வட்டம், இடையிடையே பவுண் குறி, டிகிரி குறி என்று ஓடுகிறது. இன்னொரு ஃபோல்டரில் எல்லாம் கிரேக்க அல்பாவும் இரட்டைக் கோணக் குறியும். வேறொன்றில் வெறும் அடிக்கோடுகள், கடைசியில் வருடம் மட்டும் தப்பியிருக்கிறது. வேர்ட் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பெயர்.

கடையில் கேட்டால் "கரப்ட் ஆயிட்டு, 1, 2, 3 என்று பெயரை மாத்திடுங்க" என்கிறார்கள். வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

மூன்றுபைட்டு (வாழைச்சேனை):

தங்கச்சி, மனம் வராதது நல்லது. ஒரு பெயரையும் மாற்றாதீர்கள். இப்போது குப்பை மாதிரித் தெரியும் அந்த வரிகளுக்குள்தான் மாமா எழுதிய பெயர் இருக்கிறது. 1, 2, 3 என்று மாற்றிய நிமிடத்திலிருந்துதான் அது உண்மையாகவே அழியும்.

நீங்கள் சொன்னது ஒரு நோய் அல்ல, நான்கு. நான்குக்கும் வேறு வேறு காரணம், வேறு வேறு வைத்தியம். முதலாவதை மட்டும் இப்போது விரிவாகச் சொல்கிறேன், அது புரிந்தால் மற்றவை சுலபம்.

எல்லா மொழி எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. அதை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் (க, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) மூன்று பைட்டு, அதாவது 0 முதல் 255 வரையான மூன்று எண். முதல் பைட்டு எப்போதும் ஒன்றுதான். இரண்டாவது இரண்டில் ஒன்று. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். இந்த மூன்றையும் ஒன்றாகப் படிக்காமல், ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று விண்டோஸின் மேற்கு ஐரோப்பியப் பட்டியலை (எண் 1252) வைத்து ஒரு மென்பொருள் படித்துவிட்டால், முதல் பைட்டு சாய்கோடு போட்ட ஏ ஆகும். இரண்டாவது, வட்டத்துக்குள் ஆர் ஆகும் அல்லது மேலே கிடக்கும் ஒரு சின்னக் கோடு ஆகும். ஆகவே அந்த ஏயையும் வட்டத்தையும் கண்ணில் எடுக்காதீர்கள். மூன்றாவதாக நிற்பதைப் பாருங்கள். பவுண் குறி நின்றால் அது ண. டிகிரி குறி என்றால் ர. மேலே தூக்கி எழுதிய சின்ன 2 என்றால் ல, சின்ன 3 என்றால் ள. காப்புரிமைக் குறி, அதாவது வட்டத்துக்குள் சி, அது ன. கூட்டலும் கழித்தலும் ஒட்டிய குறி ற. கறுப்புப் பொட்டு க. முக்கால் என்ற பின்னம் கால் ா. தலைகீழாக நிற்கும் கேள்விக்குறி ி. வட்டத்துக்குள் ஆர் அடுத்தடுத்து இரண்டு நின்றால் அது ம.

இரண்டாவது இடத்தில் வட்டத்துக்குப் பதில் மேற்கோடு வந்தால் அது புள்ளி, அல்லது ீ, ு, ூ, ெ, ே, ை, ொ, ோ, ௌ இவற்றில் ஒன்று. யூரோக் குறி வந்தால் ீ. சிலுவைக் குறி ெ, இரட்டைக் குறுக்குக் கோடு போட்ட சிலுவை ே.

உங்கள் பட்டியலில் ஒரு பெயரை எடுத்து இப்படி வாசித்துப் பாருங்கள். இரண்டு வட்டம் வரும் இடத்தில் ம என்று போட்டுத் தொடங்குங்கள், மட்டக்களப்பு என்று வருகிறதா பார்ப்போம்.

வாவிக்கரை:

அண்ணா, வருகிறது! ம, ட, மறுகா மேற்கோடு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, மறுபடி ட, பொட்டு, மேற்கோடு, ஒன்றுமில்லை, பொட்டு, சின்ன 3... ம ட ட க க ள ப ப என்று நிற்கிறது. புள்ளிகளும் கடைசி உகரமும் எங்கே போயின?

மூன்றுபைட்டு:

நல்ல இடத்தில் கேட்டீர்கள். அந்த 1252 பட்டியலில் 256 இடங்களில் 5 இடத்துக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. தமிழின் கெட்ட காலம், புள்ளியின் மூன்றாவது பைட்டும் உகரத்தின் மூன்றாவது பைட்டும் அந்தக் காலி இடங்களில்தான் விழுகின்றன. ஏ, ஐ என்ற இரண்டு உயிரெழுத்துகளும் அப்படியே. அதனால் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. சில மென்பொருள்கள் அந்தப் பைட்டைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறியாகப் பத்திரமாக வைத்திருக்கும். சில தூக்கி எறிந்துவிடும். உங்கள் கோப்புகளில் எது நடந்தது என்று பெயரை அப்படியே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எனவே பெயர்களைத் திரையைப் பார்த்துக் கையால் எழுதாதீர்கள். வாட்ஸப்பில் ஒட்டி அனுப்பவும் வேண்டாம், அங்கே போய்வரும்போது தெரியாத குறிகள் உதிர்ந்துவிடலாம். விண்டோஸில் கட்டளை எழுதும் பவர்ஷெல் திறந்து, யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லி முழுப் பட்டியலையும் ஒரு கோப்பில் எழுதுங்கள். கமாண்ட் புரொம்ப்ட் என்ற பழைய கறுப்புச் சன்னலில் பட்டியல் எடுத்தால் அங்கேயே கேள்விக்குறியாகிப் போகும். அந்தப் பட்டியலை எனக்கு மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்புங்கள்.

உதிர்ந்திருந்தாலும் கவலை இல்லை. மேற்கோட்டுக்குப் பிறகு வெற்றிடம் என்றால் அது புள்ளி அல்லது உகரம், ஊர்ப் பெயர், ஆள் பெயரில் மூன்றாவது சாத்தியம் கிடையாது. "ட?ட" என்றால் தமிழ் தெரிந்த எவருக்கும் அது ட்ட தான். வட்டத்துக்குப் பிறகு வெற்றிடம் என்றால் ஏ அல்லது ஐ. பின்னால் றாவூர் நின்றால் ஏ, யனார் நின்றால் ஐ. யோசிக்கவே வேண்டாம்.

களரி (கொக்கட்டிச்சோலை):

தங்கச்சி, முதலில் உங்கள் மாமாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் அப்பா அண்ணாவியாராக இருந்தவர். அவர் பாடியது ஒன்றுகூடப் பதிவாக இல்லை.

ஆனால் இந்தப் பெயர் விஷயத்தில் எனக்கு வேறு எண்ணம். பதிவு கையில் இருக்கிறதுதானே, போட்டுக் கேளுங்கள். வடமோடியா தென்மோடியா என்று மத்தளத் தாளக்கட்டு விழுந்ததும் சொல்லலாம். எந்தக் கூத்து என்று வரவு விருத்தத்திலேயே தெரிந்துவிடும். கூத்துத் தெரிந்த மூன்று நான்கு பேர் உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் வைத்துவிடலாம். குறியையும் பொட்டையும் எண்ணிக்கொண்டிருக்கிற நேரத்தில் பாட்டைக் கேட்டால் பாட்டாவது மனதில் நிற்கும்.

மூன்றுபைட்டு:

களரி அண்ணா, கேட்டால் கூத்துத் தெரியும், மோடி தெரியும். பாடியவர் யார் என்று தெரியுமா? எந்த ஊர்க் கூத்துக்களரி, எந்த வருடம்? அந்த ஒலிக்குள் அது இல்லை. மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு "இது இன்னார், இன்ன ஊர்" என்று சொல்லிப் பதிந்திருந்தால் சரி. பெரும்பாலும் அப்படி யாரும் செய்வதில்லை, பெயரில் எழுதிவிட்டோம் என்ற நம்பிக்கையில் விட்டுவிடுவார்கள். பாடியவரின் குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். பாடியவர் பெயர் இல்லாத பாட்டு எவருடையதோ ஆகிவிடும். நான் பிடிவாதம் பிடிப்பது அதற்காகத்தான்.

உங்கள் காதும் கட்டாயம் வேண்டும். எங்கே என்று அடிக்கோடுக் கோப்புகளுக்கு வரும்போது சொல்கிறேன்.

அச்சுக்கூடம் (காரைதீவு):

வேர்ட் கோப்புகளை என்னிடம் விடுங்கள் பிள்ளை. அது கெட்டுப்போன பெயரே இல்லை. பாமினி.

நான் வருடக்கணக்காகப் பாமினியில் தட்டெழுதிப் பிழைத்தவள். கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், பள்ளிக்கூட மலர், எல்லாம் அதில்தான். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வருவதற்கு முன் சாதாரணக் கொம்பியூட்டரில் தமிழ் என்றால் இப்படி ஏதாவது ஓர் எழுத்துருதான் போட வேண்டும். அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்தில் பாமினியை யாரும் லேசில் விடவில்லை. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம், அவ்வளவுதான். வேர்டில் புதுக் கோப்பைச் சேமிக்கப் போனால் முதல் வரியைத் தானே எடுத்துப் பெயராக நீட்டும். மாமாவும் அதற்குச் சரி என்று அழுத்தியிருப்பார். பெயர் காட்டும் இடத்தில் பாமினி இல்லை, ஆகவே போர்வை போய் ஆங்கிலம் தெரிகிறது.

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கண்டால் அது தமிழ். அரைப்புள்ளிதான் புள்ளி. சொல்லுக்கு நடுவிலும் கடைசியிலும் அரைப்புள்ளி குத்தி நின்றால் கண்ணை மூடிக்கொண்டு பாமினி என்று சொல்லலாம். கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், எஸ், ஜி, அரைப்புள்ளி, பெரிய ஜி. வாசியுங்கள்: மட்டக்களப்பு. சின்ன ஜி ப, பெரிய ஜி பு. சின்ன எஃப் க, பெரிய எஃப் கு. உகரமெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். அதனால் ஒன்று கவனியுங்கள். சில தளங்கள் ஏற்றும்போது பெயரையெல்லாம் சின்ன எழுத்தாக்கிவிடும். அப்படி எங்காவது போய்வந்த கோப்பு என்றால் உகரங்கள் செத்துப்போகும். ஆ என்பது பெரிய எம், அ சின்ன எம். உங்கள் ஆரையம்பதி அரையம்பதி ஆகிவிடும். இணையத்தில் பாமினி மாற்றிகள் நிறைய இருக்கின்றன, ஒட்டினால் யூனிகோடு வந்துவிடும். ஆனால் இப்படிச் சின்ன எழுத்தான பெயரை அந்த மாற்றிகள் திருத்தித் தரமாட்டா, மனிதர்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பாமினியில் ஈ என்பது சிறியது என்று காட்டும் கணிதக் கூர்க்குறி. விண்டோஸ் அந்தக் குறியைக் கோப்புப் பெயரில் ஏற்காது. ஈ போட்ட பெயர் இருந்திருந்தால் அந்த எழுத்து விடுபட்டிருக்கும் அல்லது வேறு ஏதாவது அந்த இடத்தில் நிற்கும். அந்த மாதிரி இடத்தில் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள், முழுசாக இருக்கும்.

கல்முனை நானா (கல்முனை):

இந்த இழை என் தலையிடிக்கும் மருந்தாக இருக்கிறது. கோப்புப் பெயர் அல்ல, என்னுடையது தேடல். பொருந்தாவிட்டால் சொல்லுங்கள், தனி இழை தொடங்குகிறேன்.

பிள்ளைகளுக்காக ஓ.எல்., ஏ.எல். பரீட்சைகளின் பாஸ்ட் பேப்பர்களைச் சேர்த்து ஒரு சின்னத் தளம் நடத்துகிறேன். தேடி ஒன்றும் கிடைக்காதவர்கள் என்ன எழுதித் தேடினார்கள் என்று ஒரு பட்டியல் விழும். அதைத் திறந்து பார்த்தால் மனம் கனக்கும். அக்கா சொன்ன பாமினி அப்படியே கிடக்கிறது, பிள்ளை தமிழில் எழுதியதாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறது. பிறகு சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்ட வரிகள். அது இணைய முகவரியில் தமிழ் போகும் உடுப்பு, ஒரு குறிக்கு 9 இடம் எடுக்கும். என் தளத்தின் அட்டவணையில் ஒரு தேடலுக்கு 255 இடம் மட்டும் ஒதுக்கியிருந்தது. 28 குறி முடிந்ததும் 3 இடம் மிஞ்சும், அதில் அடுத்த எழுத்தின் முதல் பைட்டு மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். அதைத் திரும்ப எழுத்தாக்கினால் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. அந்த வைரம் கடைசியில் நின்றால் வெட்டுப்பட்டது, முன்னால் உள்ளதெல்லாம் நம்பலாம் என்று அறிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் விட அதிகம் வந்தது வேறு. இப்படி:

ெகாக்கட்டிச்ேசாைல

பிடிஎஃப் அறிவித்தலில் இருந்து பிள்ளை சொல்லைப் பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறது. பல தமிழ் பிடிஎஃப்களில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும், கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும். பார்த்தால் நமக்குப் புரியும், கொம்பியூட்டருக்கு அது வேறு சொல். கொம்பைப் பின்னால் தள்ளிவிட்டால் சரி என்று நினைத்தேன். ஆனால் "மேல" என்று வந்தால்? அது மேல தானா, இல்லை ம என்ற எழுத்தும் அதற்குப் பின்னால் லே என்பதுமா? ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவு சொல்ல ஏலாது. ஆனால் அதே வரியில் ஏதாவது ஒரு சொல் கொம்பில் தொடங்கினால் முழு வரியும் அந்த வரிசை என்று எடுக்கலாம். யூனிகோடின் சரியான வரிசையில் மெய்தானே முதலில், எந்தத் தமிழ்ச் சொல்லும் கொம்பில் தொடங்காதே. இப்போது தேடல் பெட்டிக்குள் அதை வைத்துவிட்டேன். ஏதாவது சொல் கொம்பில் தொடங்கினால் வரிசையைத் திருப்பும், அரைப்புள்ளி நிறைய இருந்தால் பாமினி என்று எடுத்து மாற்றிப் பார்க்கும்.

பிழை பிள்ளைகளுடையது இல்லை. அவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள், இடையில் உள்ள பொருள்கள்தான் கேள்வியை உடைத்துத் தருகின்றன. உடைந்த கேள்விக்கு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று பதில் சொல்லி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றுபைட்டு:

நானா, இதே இழையில் இருக்கட்டும், இரண்டும் ஒரே வேர்தான். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஒன்றே போல இருந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள் உண்டு. ொ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ெ யும் ா வும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பழைய மாக் கணினிகளின் கோப்பு முறை பெயரைச் சேமிக்கும்போதே இரண்டாகப் பிரித்துவிடும். கொக்கட்டிச்சோலை சாதாரணமாக 15 குறி, மாக் வழியாக வந்தால் 17. தேடும் சொல்லையும் தேடப்படும் பெயரையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். ஆனால் ௌ இடத்தில் கொம்பும் ள வும் தட்டியிருந்தால் என்எஃப்சி பிடிக்காது, அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

தங்கச்சி, உங்கள் பட்டியல் வந்தது. முதல் கூட்டத்தில் தெரியாத குறிகள் பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. நேராகத் திரும்பிவிடும். கொஞ்சப் பெயர்களில் சாய்கோட்டு ஏக்குப் பதில் தலையில் அலை போட்ட பெரிய ஏயும் கூடாரம் போட்ட பெரிய ஏயும் மாறி மாறி நிற்கும், பார்த்தீர்களா? அது இரண்டு தரம் குழம்பியது. இரண்டு தரம் திருப்ப வேண்டும், வேறொன்றுமில்லை. பைதனில் எஃப்டிஎஃப்ஒய் என்று ஒரு நிரல்தொகுப்பு இருக்கிறது, இந்த மாதிரிச் சிக்கலை எத்தனை தரம் என்று தானே பார்த்து அவிழ்க்கும்.

அல்பா வந்தவை ஸிப் வழியாக வந்தவை. ஸிப் பழைய முறை. பெயர் யூடிஎஃப்-8 என்று சொல்லும் அடையாளம் அதில் 2006இல்தான் சேர்ந்தது. அந்த அடையாளத்தைப் போடாமல் ஒரு மென்பொருள் ஸிப் செய்தால், விரிக்கும் மென்பொருள் ஐபிஎம்மின் பழைய 437 என்ற பட்டியலில் படிக்கும். அதில் தமிழின் முதல் பைட்டு அல்பா, இரண்டாவது இடப்பக்கக் கோணம் அல்லது வலப்பக்கக் கோணம். மகிழ்ச்சியான விஷயம், 437இல் காலி இடமே கிடையாது. புள்ளியும் உகரமும் உட்பட ஒன்றும் தொலைந்திருக்காது. ஸிப் கோப்பு இன்னும் இருந்தால் அதைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அன்ஸிப் கட்டளைக்குப் பெரிய ஓ போட்டு யூடிஎஃப்-8 என்று சொன்னால் சரியான பெயரோடு விரியும். உபுண்டுவில் வரும் அன்ஸிப்பில் அந்த வசதி இருக்கிறது.

வாவிக்கரை:

ஸிப் இருக்கிறது அண்ணா. தம்பியின் லப்டொப்பில் உபுண்டு இருந்தது, நீங்கள் சொன்னபடி செய்தான். ஃபோல்டர் விரிந்து மாமா வைத்த பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. மாமி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தா.

பாமினிப் பெயர்களும் அக்கா சொன்னபடி வந்துவிட்டன. ஒன்றில் மட்டும் முதல் எழுத்து விடுபட்டிருந்தது, திறந்து பார்த்தால் ஈ தான்.

இப்போது மிச்சம் அடிக்கோடு. அதில் எழுத்தே இல்லையே, அதை எப்படி?

மூன்றுபைட்டு:

அதுதான் கஷ்டமானது. விண்டோஸில் தமிழுக்குப் பழைய முறைப் பட்டியல் ஒன்று கிடையவே கிடையாது, யூனிகோடு மட்டும்தான். யூனிகோடு தெரியாத மென்பொருள் தமிழ்ப் பெயரைக் கண்டால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போடும். கேள்விக்குறியைக் கோப்புப் பெயரில் வைக்க விண்டோஸ் விடாது, ஆகவே அது அடிக்கோடாக மாறியிருக்கிறது. எழுத்து போய்விட்டது, அதை எந்த மென்பொருளும் தராது.

எண்ணிக்கை போகவில்லை. ஒரு குறிக்கு ஓர் அடிக்கோடு. இடைவெளியும் வருடமும் தப்பியிருக்கின்றன. மாமா எப்போதும் ஊர், மோடி, பாடியவர், வருடம் என்ற ஒரே ஒழுங்கில் எழுதினார் என்றீர்கள். அந்த ஒழுங்குதான் இப்போது நமக்குத் திறப்பு. வடமோடி என்பது வ, ட, ம, ோ, ட, ி: 6 குறி. தென்மோடி 8. மட்டக்களப்பு 12. மற்ற ஃபோல்டர்களில் மீண்ட பெயர்களில் இருந்து ஊர்ப் பட்டியலும் பாடியவர் பட்டியலும் எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை குறி என்று பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அடிக்கோடுகளை எண்ணிப் பொருத்துங்கள்.

ஒரே எண்ணிக்கையில் இரண்டு ஊர் வரும்போதுதான் களரி அண்ணாவின் காது வேண்டும்.

வாவிக்கரை:

செய்தேன். 15 அடிக்கோடு, 6 அடிக்கோடு, பிறகு பாடியவர், 2003. இப்படி ஒரு தொகுதி நிற்கிறது. 6 வடமோடி. ஆனால் 15 என்றால் கொக்கட்டிச்சோலையும் 15, களுவாஞ்சிக்குடியும் 15.

களரி:

அந்தத் தொகுதியில் ஒன்றை அனுப்புங்கள்.

களரி:

கேட்டேன். தொடக்கத்தில் வரும் காப்புப் பாட்டிலேயே எங்கள் ஊர்க் கோயில் தான்தோன்றியப்பரை அழைக்கிறார்கள். கொக்கட்டிச்சோலைதான், சந்தேகமே வேண்டாம். பாடுகிறவர் குரலும் தெரிந்த குரல். பெயரை இங்கே போடாமல் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன், அது எத்தனை குறி என்று எண்ணிப் பாருங்கள்.

பெயர் வேண்டாம், காது போதும் என்று முன்னால் எழுதியிருந்தேன். இந்த மாதிரி இரண்டும் சேர்ந்து வரும் என்றால் நான் முழுக்க உங்களோடு.

வாவிக்கரை:

எண்ணினேன். சரியாகப் பொருந்துகிறது.

மூன்றுபைட்டு:

தங்கச்சி, இன்னொரு விஷயம். முதல் பதிவில் "கிட்டத்தட்ட எல்லாம்" திரும்பி வந்தன என்று எழுதியிருந்தீர்கள். வராதவை எவை என்று தெரியுமா? பழைய டிஸ்க் உங்களிடம் இருக்கிறதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸின் கோப்பு முறையில் ஒரு பெயர் 255 குறி வரை போகலாம். லினக்ஸில் பெரும்பாலும் பாவிக்கும் முறையில் எல்லை 255 பைட்டு. தமிழுக்கு மூன்று பைட்டு என்பதால் வெறும் 85 குறியோடு முடிந்துவிடும். திருத்தும் கடைகள் பலதில் லினக்ஸில் வைத்துத்தான் மீட்பார்கள். மாமா கூத்தின் பெயர், பாடியவர்கள் எல்லோருடைய பெயர், மத்தளம் அடித்தவர் என்று நீளமாக எழுதிய கோப்பு ஏதாவது இருந்தால் அது "பெயர் நீளம்" என்ற பிழையோடு பின்தங்கியிருக்கும். கோப்பில் ஒரு குறையும் இருக்காது.

வாவிக்கரை:

டிஸ்க் மாமியின் அலுமாரியில் இருக்கிறது. கடைக்குப் போய்க் கேட்டோம், பிழை வந்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்துச் சொன்னார்கள். நீங்கள் சொன்னது போலவே எல்லாம் நீளப் பெயர்கள். முழு இரவுக் கூத்துகள், அரங்கேற்றம் தொடக்கம் விடியும் வரை. அவற்றை மட்டும் விண்டோஸ் கணினியில் வைத்து எடுத்துத் தரக் கேட்டிருக்கிறோம், டிஸ்க்கை அதற்கு மேல் ஓடவிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம்.

அச்சுக்கூடம்:

வந்ததும் பெயரைக் குறுக்காதே பிள்ளை. குறுக்கத்தான் வேண்டும் என்றால் முழுப் பெயரை முதலில் ஒரு கொப்பியிலாவது எழுதிவிடு. மத்தளம் அடித்தவர் பெயரை எழுதி வைக்கிறவர்கள் எத்தனை பேர்?

கல்முனை நானா:

எல்லாம் சேர்ந்ததும் ஒரு பிரதி நூலகம் நிறுவனத்துக்கும் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள் தங்கச்சி. 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து எண்ணிமமாக்கி வருகிறார்கள். கொடுக்கும்போது பழைய குழம்பிய பெயர், மீட்ட பெயர், எப்படி மீட்டது என்று மூன்று நிரல் போட்டு ஓர் அட்டவணையும் கூடவே கொடுங்கள். மென்பொருள் தந்த பெயர் எது, எண்ணிப் பொருத்திய பெயர் எது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். ஊகத்தை உறுதி என்று எழுதி வைத்தால் பிறகு திருத்த ஆள் இருக்காது.

வாவிக்கரை:

நானா சொன்னபடி அட்டவணை போட்டுவிட்டேன். நான்காவதாக ஒரு நிரலும் சேர்த்தேன், யார் கேட்டு உறுதி செய்தார் என்று.

இன்னும் தீராதது ஒரு தொகுதி. 10 அடிக்கோடு, 8 அடிக்கோடு, பாடியவர் இடத்தில் 9, பிறகு 1999. 8 தென்மோடி என்று வைக்கலாம். 10க்கு முனைக்காடும் பொருந்துகிறது, கன்னங்குடாவும் பொருந்துகிறது. இரண்டும் கூத்து ஆடுகிற ஊர். பாடியவர் பட்டியலில் 9 குறியில் மூன்று பேர் இருக்கிறார்கள். கசட்டில் இருந்து ஏற்றியது என்பதால் தொடக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது, காப்பு இல்லை, நடுவில்தான் தொடங்குகிறது. களரி அண்ணா, உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

களரி:

கேட்டேன் தங்கச்சி, தென்மோடிதான். ஊர் எனக்குப் பிடிபடவில்லை. பிற்பாட்டில் ஒரு பெண் குரலும் ஒரு கிழவரின் குரலும் கேட்கிறது, அந்தக் கிழவரைத் தெரிந்தவர்கள் இரண்டு ஊரிலும் இருப்பார்கள். போனில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முனைக்காட்டுக்குப் போகிறேன். அங்கே தெரியாவிட்டால் அடுத்த கிழமை கன்னங்குடா. அதுவரை அட்டவணையில் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.